சால்வைக்கு அடியில் நடந்த பேரம்

பாஸ்டர் ராமராஜன் என் கடையில் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, இவர் சந்தைவாசலில் வளர்ந்த பிள்ளை என்று கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளைச் சட்டை, லேப்டாப் பை, தங்க பிரேம் கண்ணாடி எல்லாம் சரிதான். ஆனால் தனக்குப் பிடித்திருந்த அரக்குச் சால்வையை அவர் ஒருதரம்கூட நேராகப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த பச்சையைத் தூக்கினார். சரிகையை நகத்தால் நிமிண்டினார். அதில் இல்லாத குற்றமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில் என்பதுபோல, "அந்த அரக்கு எப்படிப்பா?" என்றார்.

நான் விலை சொன்னதும் எழுந்தார். நான் கூப்பிடவில்லை. வாசல்வரை போனவர், கண்ணெதிரில் கிடந்த செருப்பை வெகுநேரம் தேடினார். செருப்பைத் தேடுகிற கிராக்கி திரும்பி வருவார். அவரை நான் கூப்பிடவேண்டும் என்று அவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"வாங்க ஐயா, குந்துங்க. நமக்குள்ள இன்னா," என்றேன்.

பட்டுப்புடவை வாங்க வருகிறவர்கள் யாரோ ஒருத்தியை வீட்டுக்குள் அழைக்கப் போகிறார்கள். சால்வை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் யாரோ ஒருத்தரை வெளியே அனுப்பப் போகிறார்கள். இது தெரிந்தவன் என்பதால், பேரம் படிந்து பையைக் கையில் கொடுத்த பிறகுதான் கேட்டேன்.

"யாருக்கு ஐயா இது?"

"நம்ம சாமுவேல் ஐயாவுக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஐயம்பேட்டை சபையில அவருக்கு ஓய்வு விழா. நீங்களும் வரணும்."

எனக்கு அந்த விற்பனையின் ருசியே போய்விட்டது.

சாமுவேல் ஐயா எங்கள் பக்கத்துச் சின்ன மிஷன் ஒன்றின் ஊழியக்காரர். செவிலிமேட்டிலிருந்து ஏனாத்தூர் வரைக்கும் ஒன்பது ஊர் அவர் பொறுப்பு. முதலில் சைக்கிள், பிறகு மொபெட். மைக்கை அவர் தொட்டதில்லை. ஏனாத்தூரில் அவர் ஜெபத்தை ஆரம்பித்தால், ஐயம்பேட்டையில் இருக்கிறவர்கள் வீட்டிலிருந்தபடியே ஆமென் சொல்லலாம். அப்படி ஒரு குரல். அவர் எனக்கு ஆண்டவரைச் சொல்லிப் பார்த்தார், நான் அவருக்குப் பட்டு வேட்டியைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் போணி ஆனதில்லை. சிநேகம் மட்டும் ஆனது.

போன மழைக்காலத்தில் செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது பக்கம் மொத்தமாகப் படுத்துக்கொண்டது. கால் மெல்ல எழுந்து, ஒரு கைத்தடியோடு சமாதானத்துக்கு வந்தது. கை பாதி வந்தது. அந்தக் குரல் இருக்கிறதே, அது வந்தது, ஆனால் சரக்கில்லாமல் வந்தது. அத்தனை வருஷம் பேசிய பேச்சில் இரண்டே இரண்டுதான் மிச்சம். ஒன்று, பரமண்டல ஜெபம். அதை ஒரு சொல் பிசகாமல் முழுதாகச் சொல்வார். மனப்பாடமானது மூளையில் வேறு அறையில் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். இன்னொன்று, "ஆமாப்பா". பசித்தாலும் ஆமாப்பா, பசிக்காவிட்டாலும் ஆமாப்பா. காபிக்கும் அதுதான், கஷாயத்துக்கும் அதுதான்.

"ஓய்வுக்கு அவரே ராஜியானாரா ஐயா?" என்று பாஸ்டரைக் கேட்டேன்.

"நானே நேர்ல போய் கேட்டேன்பா. 'ஐயா, ஓய்வு எடுத்துக்கறீங்களா?'ன்னேன். சிரிச்சிக்கினே 'ஆமாப்பா'ன்னாரு. மனசு கேக்காம ரெண்டாவது தரமும் கேட்டேன். அதுக்கும் ஆமாப்பான்னுட்டாரு."

"ஐயா, 'ஒங்க தலையில கல்லப் போடட்டுமா'ன்னு கேட்டிருந்தாலும் அவரு அதேதான் சொல்லியிருப்பாரு."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. இந்த வட்டாரத்துக்குப் பொறுப்பாக வந்தே ஆறு மாதம்தான் ஆகிறது.

"சரி, அப்படியே வெச்சிக்குவோம்," என்றார். "நாளைக்கு அவரு ரோட்டுல திரும்ப விழுந்துட்டா அந்த அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? பேச முடியாதவர நான் எப்படிப்பா சுவிசேஷம் சொல்ல அனுப்பறது?"

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பத்திரிகை அடித்தாகிவிட்டது, கேசரிக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னிடம் இருந்த பதிலின் பெயர் சபாபதி. எங்கள் தெருவில் தறி போட்டிருக்கிற நெசவாளி. விடிந்ததும் பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, ஏகாம்பரநாதர் இருக்கிற திசையைக் கும்பிட்டுவிட்டுத்தான் தறிக்குழியில் கால் வைப்பார். இருபது வருஷமாகச் சாமுவேல் ஐயா எங்கள் தெருமுனைக்கு வரும்போதெல்லாம் சபாபதி கதவைச் சாத்துவார். "ஒங்க சாமி ஒங்களுக்கு, எங்க சாமி எங்களுக்கு. தறி ஓட்ற நேரத்துல தொண்டைய காட்டாதீங்க" என்பார். ஐயா கோபப்படமாட்டார். அடுத்த மாதம் திரும்ப வருவார். கதவும் திரும்பச் சாத்திக்கொள்ளும்.

நோய்க்குப் பிறகு, நடந்தால்தான் கால் நிற்கும் என்று டாக்டர் சொன்னதால், ஷேர் ஆட்டோவில் டவுனுக்கு வந்து எங்கள் தெருவில் நடக்க ஆரம்பித்தார் ஐயா. ஒருநாள் வெயில் தாளாமல் சபாபதி வீட்டு வாசலில் நின்றுவிட்டார். வாய் பேசமுடியாத மனிதரைப் பார்த்துக் கதவைச் சாத்த சபாபதிக்குக் கை வரவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா இப்படியும் அப்படியும் ஓடியது. ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். சபாபதி தண்ணீர் கொடுத்தார், மழை இல்லை என்றார், ஜரிகை ஏறிவிட்டது என்றார். அப்புறம் எப்படியென்று தெரியவில்லை, தன் மகள் கதைக்கு வந்துவிட்டார்.

மகள் புவனேஸ்வரி, கூட வேலை செய்த பையனைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவள் கல்யாணத்துக்கென்று சபாபதி தன் கையால் நெய்த புடவை பீரோவிலேயே கிடக்கிறது. மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

"பொண்ணு கிட்ட பேசாம இருந்தேனே, அது தப்பா ஐயா?" என்று கேட்டார் சபாபதி.

"ஆமாப்பா," என்றார் சாமுவேல் ஐயா.

சபாபதியின் நாடா நின்றுவிட்டது. அவரிடம் அப்படிச் சொல்ல தெருவில் ஒருத்தருக்கும் துணிச்சல் இருந்ததில்லை.

"போன் போடட்டுமா?"

"ஆமாப்பா."

நல்லவேளையாக அன்று சபாபதி கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். அழ ஆரம்பித்த சபாபதியின் தலையில், திருநீறு கலையாமல், ஐயா இடது கையை வைத்தார். தன்னிடம் மிச்சமிருந்த அந்த ஒரே ஜெபத்தை முழுதாகச் சொன்னார். சபாபதி சாமியை மாற்றவில்லை. ஐயாவும் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஆனால் அடுத்த வாரம் புவனேஸ்வரி கைக்குழந்தையோடு வந்து அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஐயாவுக்கு அழைப்புத்தான். எல்லா வீட்டிலும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. முன்பு ஐயா பேசினால் இடையில் ஒரு ஊசி நுழைக்க முடியாது. இப்போது அந்த இடம் முழுக்கக் காலி.

வியாபாரியாகச் சொல்கிறேன். கடைக்காரன் வாயை மூடிக்கொண்டால் கிராக்கி தானாக மனசைத் திறப்பார். எனக்கே அது ஐம்பது வயதில்தான் புரிந்தது.

அன்று சாயங்காலமே ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். ஐயா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுகாசினி அங்கன்வாடியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"வாங்கண்ணா. விழாவுக்கு சால்வ ஒங்க கடையிலதான் வாங்கினாங்களாமே. வெலய நல்லா தீட்டிட்டீங்களா?"

"தீட்டிட்டேன்மா. இப்ப வயித்தெரிச்சலா இருக்குது. இவரு நெசமா ஓய்வு கேட்டாரா?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. "நீங்களும் ஆரம்பிக்காதீங்கண்ணா. எனக்கு நிம்மதியா இருக்குது. அன்னிக்கு செவிலிமேட்டுலேர்ந்து ஒரு போன் வந்துது பாருங்க, அந்த மாதிரி இன்னொரு போனு எனக்கு வேணாம்."

"ஒனக்கு நிம்மதி, சரி. இவர யாருமா கேட்டாங்க?"

"பாஸ்டர் ஐயா கேட்டாரே. ஆமாப்பான்னாரே."

"ஆமாப்பா," என்றார் ஐயா, பரிதாபமாக.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். என் நைனா கச்சாப் பட்டு வாங்கி விற்றவர். பெங்களூர் ஆட்களோடு பத்துப் பேர் நடுவில் பேரம் நடக்கும்போது வாயைத் திறக்கமாட்டார். மாட்டுத் தரகர்கள் மாதிரி கைகள் துண்டுக்கு அடியில் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையைப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையை அமுக்கினால் சம்மதம். நகத்தால் சுரண்டினால் கட்டுப்படியாகாது. ஐயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எத்தனை இட்லி வேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் இதைத்தான் அவருக்குப் பழக்கிவிட்டேன். வாய்தான் சொல்பேச்சு கேட்காதே தவிர, இடது கை விரல்கள் பொய் சொல்லாது.

துண்டைப் போட்டு அவர் இடது கையைப் பிடித்தேன். "ஐயா, ஓய்வு எடுத்துக்கறீங்களா?"

"ஆமாப்பா," என்றது வாய். கை என் உள்ளங்கையைச் சுரண்டிய சுரண்டலில் தோலே சிவந்துவிட்டது. கையை எடுத்து சுகாசினியிடம் காட்டினேன்.

அவள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, தன் கையைத் துண்டுக்கு அடியில் விட்டாள்.

"ஒங்களுக்கு பயமா இல்லியா?"

துண்டு லேசாக அசைந்தது. "அமுக்கறாரு," என்றாள் என்னைப் பார்த்து. "பயமாத்தான் இருக்குதாம்."

திரும்ப அவரிடம், "பயத்தோடவும் போவணுமா?"

துண்டு மறுபடி அசைந்தது. அவள் கையை எடுக்கவில்லை. உள்ளே குக்கர் விசில் அடித்து ஓய்ந்த பிறகுதான் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாஸ்டர் கிட்ட நீங்க சொல்லுங்கண்ணா."

"நான் சொல்லமாட்டேன்மா. சரக்கு யாருதோ அவங்கதான் பேரம் பேசணும்." பிறகு, சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன்: "அவரும் லேசுப்பட்டவரு இல்ல. வந்தவாசி பக்கம் மாட்டுத் தரகு குடும்பமா இருக்கணும். எங்க கடை வாசல்ல கண்ணெதிர்ல கெடக்கற செருப்பயே தேடறாரு."

ஐயா சிரித்தார். சிரிப்பு மட்டும் நோய்க்கு முந்தின சைஸிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டைச் சபை நிறைந்துவிட்டது. சின்னக் கட்டடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் கேசரி வாசனை. எங்கள் தெருக்காரர்களும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். உள்ளே வருவதா வேண்டாமா என்று புரியாமல், செருப்பு விடும் இடத்தில் கும்பலாக நின்றார்கள். சபாபதி நெற்றி நிறையத் திருநீறோடு முன்னால் நின்றார். புவனேஸ்வரி குழந்தையோடு பக்கத்தில்.

பாஸ்டர் நன்றாகப் பேசினார். உருக்கமாகவும் பேசினார். "இனிமே நம்ம ஐயா ஊர் ஊரா அலைய வேணாம். ஆண்டவர் அவருக்கு இளைப்பாறுதல் குடுக்கறாரு," என்று முடித்து, அரக்குச் சால்வையை விரித்து ஐயாவின் தோளில் போர்த்தினார். கைத்தட்டல். போட்டோக்காரர் முன்னால் வந்தார்.

அப்போதுதான் சால்வைக்குள்ளிருந்து ஐயாவின் இடது கை நீண்டு, பாஸ்டரின் வலது கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

எல்லாரும் அன்பின் மிகுதி என்று நினைத்தார்கள். போட்டோக்காரர் எடுத்துத் தள்ளினார். ஆனால் கைகள் வெளியே வரவில்லை. பாஸ்டர் முதலில் குழம்பினார். பிறகு குனிந்து தன் கைமேல் கிடந்த சால்வையைப் பார்த்தார். பிறகு, என் கண்ணெதிரிலேயே, அவர் முகம் துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. நிமிர்ந்து மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. மாட்டுச் சந்தையில் அவர் அப்பா வைத்திருந்த முகம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

உள்ளே என்ன நடந்தது என்று பாஸ்டரே பிறகு எனக்குச் சொன்னார். ஐயா முழுக்கையை மூன்று தரம் பிடித்தாராம். பதினைந்து. "ஊரா?" என்று பாஸ்டர் காதோடு கேட்டதற்கு உள்ளங்கையில் ஒரு அமுக்கு. பாஸ்டர் ஒரு விரலைப் பிடித்தார்: உங்க ஊர் மட்டும் போதும். சுரண்டல். இரண்டு விரல். அதற்கும் சுரண்டல். மூன்று என்றதும் ஐயா பதினான்குக்கு இறங்கினார், அதுவும் பெரிய தியாகம் செய்கிறவர் மாதிரி பெருமூச்சோடு.

"இன்னாடா, கைய உடமாட்டறாங்க ரெண்டு பேரும்," என்றார் சபாபதி.

"பேசாத இரு. வியாபாரம் நடக்குது," என்றேன்.

பாஸ்டர் நான்கில் நின்றுவிட்டார். அதற்கு மேல் ஏறமாட்டேன் என்று கையைத் தளர்த்தினார். உடனே ஐயா அவர் கையை விட்டுவிட்டார். கைத்தடியை எடுத்தார். புதுச் சால்வை தரையில் புரள, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் தெருக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். வாசலில் நின்று, கண்ணெதிரில் கிடந்த தன் செருப்பைக் கைத்தடியால் அங்கும் இங்கும் தேடினார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி ஓடினார்.

"ஐயா, ஐயா! இருங்க! நமக்குள்ள இன்னா!"

இந்தத் தடவை பாஸ்டரே கையைச் சால்வைக்குள் விட்டார். அப்புறம் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே ஓட்டம். ஒருவர் மின்விசிறியைப் பார்க்க, இன்னொருவர் கேசரிப் பாத்திரத்தைப் பார்க்க, சபை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சால்வையைப் பார்த்தது. கடைசியில் சால்வை அசையாமல் நின்றது. ஐயா "ஆமாப்பா!" என்றார். கட்டடம் அதிர்ந்தது. ஏனாத்தூரில் கேட்டிருக்கும்.

பாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார். வெற்றி பெற்றவன் முகம்.

"இது ஓய்வு விழா இல்லீங்க. ஐயா ஊழியத்த தொடர்றாரு. பதினஞ்சு ஊரு கேட்டாரு. நான் பத்துல எறக்கிட்டேன்!"

கைத்தட்டல் எழும்புவதற்குள் முதல் வரிசையிலிருந்து சுகாசினி எழுந்தாள்.

"ஐயா, இவரு நல்லா இருந்தப்பவே ஒம்போது ஊருதான்."

சிரிப்பு வெடித்தது பாருங்கள், குழந்தைகள் காரணம் தெரியாமல் சிரித்தன, போட்டோக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, தானும் சிரித்தார்.

"அப்ப அந்த பத்தாவது எது ஐயா?"

ஐயா கைத்தடியால் வாசலைக் காட்டினார்.

"எங்க தெருதாங்க," என்றார் சபாபதி.

"நீங்க சபைக்கு வர்றவங்களா?"

"நாங்க வர்றதில்லீங்க. அவரு வந்தா போதும்."

பாஸ்டர் சபாபதியின் நெற்றியையும், ஐயாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடையில் என்னைக் கேட்ட கேள்விக்கு அந்த வாசலில் அவருக்குப் பதில் கிடைத்திருக்கவேண்டும். ஏனென்றால் பிரசங்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

சுகாசினி மட்டும் விடவில்லை. தன் பேரத்தை அவள் சால்வை இல்லாமல் சத்தமாகவே நடத்தினாள்.

"மொபெட்ட நான் வித்துட்டேன், அத கேக்கக்கூடாது. ஷேர் ஆட்டோதான். ஏத்திவிட ஒருத்தர், எறக்கிக்க ஒருத்தர். மாத்திர போடாம படி தாண்டக்கூடாது. ஒரு நாளைக்கி ஒரு ஊருதான். சரியா?"

"ஆமாப்பா."

"அதெல்லாம் செல்லாது. கையக் குடுங்க."

சால்வைக்குள் கையை விட்டாள். சோதித்துப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள்.

"ஒரு ஜெபம் பண்ணி முடிக்கலாம் ஐயா," என்றார் பாஸ்டர். சாமுவேல் ஐயா கண்ணை மூடி, அந்த ஒரே ஜெபத்தைச் சொன்னார். எத்தனையோ வருஷம் என் காதருகில் எத்தனையோ ஜெபங்களைக் கத்தியவர்தான். இது மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் இப்போதுதான் கையில் வாங்கியவர் மாதிரி இருந்தது. வாசலில் எங்கள் தெருக்காரர்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். யாரை என்று நான் கேட்கவில்லை. கடைசியில் வந்த ஆமெனைச் சபாபதிதான் எல்லாருக்கும் முந்திக்கொண்டு சொன்னார். அப்புறம் கேசரி.

இப்போது எங்கள் தெருவுக்கு வியாழக்கிழமை. ஆட்டோ தெருமுனையில் நிற்கும். சபாபதி போய் இறக்கிக்கொண்டு வருவார். அரக்குச் சால்வை ஐயாவின் தோளிலேயே இருக்கும். நூறு தடவை துவைத்தாலும் சாயம் போகாத சால்வை, அதற்கு நான் பொறுப்பு. எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் முதலில் சால்வையை மடியில் விரிப்பார். வெட்கப்பட்டு வாயால் சொல்லமுடியாததைச் சிலர் அதற்கு அடியில் விரலால்தான் சொல்கிறார்கள். கேட்டால் ஐயா எனக்கே சொல்லமாட்டார். தொழில் ரகசியம்.

போன வாரம் பாஸ்டர் கடைக்கு வந்தார். தன் மனைவிக்குப் புடவை வேண்டும் என்று, வேண்டாத புடவையெல்லாம் எடுத்துப் பார்த்தார். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். லேப்டாப்பில் ஊர் ஊராகக் கணக்கு வைத்திருக்கிற மனிதருக்கு, தன் ஊழியக்காரர் பொறுப்பு எத்தனை ஊர் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

"ஐயா, ஒளிக்காம சொல்லுங்க. ஒம்போதுன்னு ஒங்களுக்கு அன்னிக்கே தெரியும்தானே?"

பாஸ்டர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அங்கே கண்ணெதிரில் கிடந்த செருப்பை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.